இந்தா இருக்கா மேடம்

கார்குழலியைக் கல்லூரியில் சேர்த்த அன்று அவள் அப்பா வரதன் எங்கள் வியாசர்பாடி பிளாக் முழுக்க லட்டு கொடுத்தார். துறைமுகத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிற மனிதர். எதிர்வீட்டுக்காரி என்பதால் எனக்கு இரண்டு கிடைத்தது.

முதல் நாளே அந்த லட்டு கசந்துபோயிற்று. வகுப்பில் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். "எங்க வூடு வியாசர்பாடில கீது" என்றிருக்கிறாள். அவ்வளவுதான், ஒரே சிரிப்பு. பாடம் நடத்துகிற மேடமும் சேர்ந்து சிரித்தாராம். நான் அங்கே இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். மறுநாளிலிருந்து அவளைப் பார்த்தாலே, "டேய், கீது வருதுடா" என்றார்கள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். வருகைப் பதிவுக்குப் பேர் கூப்பிட்டால், அவள் சொல்கிற "பிரசன்ட்" பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு ஆப்சென்ட் போட்டார்கள். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். "யக்கா, நான் நின்னுக்கிறேன். எதுனா கம்பெனிக்கு வேலைக்குப் போறேன்" என்று என்னிடம் வந்து அழுதாள்.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் ராமசெல்வி. அப்பாவுக்குத் திருவொற்றியூரில் மளிகைக்கடை. ஆனால் பிளஸ் டூ வரை தெற்கே உடன்குடியில் வளர்ந்தவள். "அவிய வாராவ" என்று அவள் பேசினாலும் சிரிப்பார்கள். அவள் சட்டை செய்ய மாட்டாள். ஒருநாள் மேடம் கார்குழலிக்கு ஆப்சென்ட் போடப் பேனாவை எடுத்ததும் இவள் எழுந்து, "இந்தா இருக்கா மேடம்!" என்று கத்தினாள். சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. உட்கார்ந்தவள், "ஏளா, சிரிக்கவிய சிரிச்சிட்டுப் போறாவ. நீ பேசுளா" என்றாளாம். அவர்கள் ஊரில் பெண்பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற 'ஏளா'வை ஏதோ திட்டு என்று நினைத்து கார்குழலி முறைத்திருக்கிறாள், லூசு.

பிறகு இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ராமசெல்வி எங்கள் பிளாக்குக்கே வந்து, கார்குழலி வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்டு, "செம்மயா கீதுளா!" என்று இரண்டு ஊரையும் சேர்த்துக் கட்டிப் பேசினாள். கார்குழலி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் மறுபடி பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வருஷம் அவள் பரீட்சை எழுதினாள், பாஸும் செய்தாள்.

இரண்டாம் வருஷம், மகள் எந்த ஏரியாவுக்குப் போகிறாள், யார் வீட்டில் சாப்பிடுகிறாள் என்று யாரோ அந்தக் கடைக்காரரிடம் ஓதிவிட்டார்கள். ஒரே மாதத்தில் உடன்குடியில் கல்யாணம். பாவி மனுஷன், பெற்ற பெண்ணின் படிப்பைப் பாதியில் முறித்துப் போட்டார்.

வகுப்பில் மேடம் "ராமசெல்வி" என்று பேர் கூப்பிட்டபோது கார்குழலி எழுந்தாளாம். "அவ வர மாட்டா மேடம். கல்யாணம் பண்ணி அனுப்சிட்டாங்க. எங்க வூட்ல துன்னதுக்கு." அன்று யாரும் சிரிக்கவில்லை.

போன வாரம் மொட்டைமாடியில் நாங்கள் துணி காயப்போடும்போது ராமசெல்வி போன் செய்தாள். கார்குழலி ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் குரலே எழும்பவில்லை.

"மாமியார்ட்ட 'நல்லா கீது அத்த'ன்னுட்டேம்ளா. வீடே சிரிச்சிட்டு. எங்க பொறுக்குன பேச்சுன்னு கேக்காவ. இப்பம் நான் வாயே தொறக்கதில்ல."

"சிரிக்கிறவங்க சிர்ச்சினு போறாங்க..." என்று கார்குழலி ஆரம்பித்தாள். அங்கே யாரோ அதட்டுவது கேட்டது. லைன் கட்டாகிவிட்டது.

மீதியை அவள் அந்தப் போனைப் பார்த்துத்தான் சொன்னாள். "நீ பேசுளா."