நூறு மடங்கு தொங்கிய மேடை

மூன்று வருடங்களுக்கு முன், கோவை பீளமேட்டில் ஒரு சின்ன டிசைன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், இன்ஜினீயரும் ஆகிவிட்டேன். அந்தப் பெருமை அப்போது என் நடையிலேயே தெரியும். ஓர் இரும்புச் சட்டம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை.

சத்தியமங்கலத்தில் ஒரு மஞ்சள் குடோனுக்குள் மூட்டை அடுக்க இரும்பு மேடை. அதைச் செய்த பட்டறைக்காரர் எங்கள் கணக்கு முடியும்வரை காத்திருக்கவில்லை. முக்கால்வாசி வெல்டிங்கை முடித்துவிட்டார். குடோன்காரர் ரிப்போர்ட் கேட்டாரே என்றுதான் எங்களிடம் வந்தார். எங்கள் முதலாளி வெளியூரில். முடிவுகளை விளக்கும் பொறுப்பு முதன்முதலாக என் தலையில்.

எண்களைக் காட்டினால் பட்டறைக்காரர் தூங்கிவிடுவார் என்று, எடுத்ததுமே அசையும் படத்தைப் போட்டேன். பாரம் ஏறியதும் மேடை செக்கச்செவேலென்று தூளி மாதிரித் தொங்கியது, எழுந்தது, மறுபடி தொங்கியது.

அவர் டீ டம்ளரை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். "டேய், வெல்டிங்க நிறுத்து! கேஸ் கட்டர எடுத்து எல்லாத்தையும் அறுத்துப்போடு. இங்க கம்ப்யூட்டர்லயே உழுந்துபோச்சு!"

எனக்கு உயிரே போய்விட்டது. நல்ல மேடை துண்டு துண்டானால் என் வேலையும் அதோடு போகும். "ஐயோ, வேண்டாமுங்ண்ணா! அது நூறு மடங்கு பெருசாக்கிக் காட்டறதுங்க. நெசமா எறங்கறது ஒரு நெல்லு நீளங்கூட இல்லீங்க."

"ஏனுங்கம்மணி, இல்லாத தொங்கல எதுக்குங்க தொங்க உடறீங்க?"

நியாயமான கேள்வி. பெருக்கிக் காட்டாவிட்டால் எங்கே வளைகிறது என்று கண்ணுக்கே தெரியாது என்றேன். உள்ளதை உள்ளபடி காட்டச் சொன்னார். மாற்றினேன். மேடை கல்லு மாதிரி நின்றது. வெகுநேரம் உற்றுப் பார்த்தவர், "இப்பக் கம்ப்யூட்டரு நின்னுபோச்சுங்களா?" என்றார்.

போன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "மூட்டய ஏத்துங்ண்ணா, நான் அடியில நிக்கறேன்."

அந்த வார்த்தையால் மேடை தப்பியது. மூட்டை ஏற்றும் நாளில் நான் மாட்டிக்கொண்டேன்.

குடோனில், மேடை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க, பட்டறைக்காரர் உத்திரத்துக்கு அடியில் இழுத்து நூல் கட்டியிருந்தார். "உங்களத் தனியா நிக்க உட்டா நல்லாருக்காதுங்க" என்று மரியாதையாக என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மேலே மூட்டைகள் ஏறின. பாதியில் யாரோ ஒரு மூட்டையைத் தொப்பென்று போட, எங்கள் தலையில் மஞ்சள் தூசி கொட்டியது. திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் நின்ற பட்டறைக்காரர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

நான் நகரவில்லை. நகரக் கால் வரவில்லை.

"அம்மணிக்கு என்ன தைரியம்டா!" என்று மேலிருந்து ஒரு குரல். நான் மறுக்கவில்லை, இன்றுவரை மறுக்கவில்லை. கடைசி மூட்டையும் ஏறிய பிறகு பட்டறைக்காரர் ஸ்கேலோடு உள்ளே வந்து நூலுக்கும் உத்திரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். நெல் நீளத்துக்குள்தான் இறங்கியிருந்தது. "இதுக்காங்க அந்த ஆட்டம் காட்டுனீங்க?" என்று சிரித்தார்.

இப்போதெல்லாம் படம் காட்டும் முன்பே எத்தனை மடங்கு என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நாள் என்னிடம் விட்டுப்போனது அதுவல்ல. எந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன்பும், "இதுக்கு அடியில நிப்பியா?" என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன், சில நாள் பதில் உடனே வருவதில்லை, அன்றைக்குக் கணக்கை முதலிலிருந்து போடுகிறேன்.