குழி விழுந்த நகம்

வளையல் கடைக்காரிக்கு முகம் மறந்துபோகும், கை மறக்காது. ஆந்திரா எல்லையில நகரியில் எனக்கு இதுதான் பொழைப்பு. சீமந்தம்னு கூப்பிட்டா கூடையைத் தூக்கிக்கினு வீட்டுக்கும் போவேன். கையை அமுக்கி, மடக்கி, வளையல் ஏத்தி முடிக்கறதுக்குள்ள விரல் நகம் வரைக்கும் பாடமாயிடும். ஆனா பார்த்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிட முடியுமா? கடை வெச்சிருக்கிற யாருக்கும் தெரியாததா, வந்தவங்க மனசு கோணிச்சுன்னா அடுத்த தடவை எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க.

நர்சம்மா பிடித்த விரல்

எங்க பக்கத்து நர்சம்மா தெலுங்குக்காரங்க. ஒருநாள் வளையல் வாங்க வந்தவங்க, பக்கத்துல கையை நீட்டிக்கினு இருந்த தறிக்காரப் பொண்ணோட விரலைப் பிடிச்சுப் பார்த்தாங்க. நகமெல்லாம் வெளுத்து, நடுவுல குழிஞ்சு, ஓரம் கரண்டி மாதிரி தூக்கிக்கினு இருந்தது. பாத்திரம் தேய்க்கிற பவுடர் பண்ற வேலைன்னு நான் நினைச்சிருந்தேன். "ரக்தம் தக்குவம்மா நீக்கு, ரத்தமே கம்மி, இரும்புச் சத்தே இல்ல, நாளைக்கே டெஸ்டுக்கு வா"ன்னு நர்சம்மா அதட்டினாங்க.

அந்தப் பொண்ணு போச்சு. ரத்தம் பார்த்து, மாத்திரை போட்டு, கீரையும் முட்டையும் துன்னுச்சு. ஏழெட்டு மாசம் கழிச்சு வந்து கையை நீட்டினா, நகம் நேரா வளர்ந்து செவப்பா இருக்குது! அவ சிரிச்சுக்கினே சொன்னா: "அக்கா, பழைய சைஸ் எடுக்காத, இப்போ ஏறாது."

அரிசி துன்ற மருமவ

அப்புறம் செல்வியோட சீமந்தம். பவர்லூம் வீட்டு மருமவ, ஏழாம் மாசம், தலைச்சன் புள்ள. முந்தானையில பச்சரிசியை முடிஞ்சு வெச்சுக்கினு நறுக்கு நறுக்குன்னு மென்னுக்கினு இருந்தா. மசக்கைன்னு எல்லாரும் கேலி பண்ணாங்க. நான் கையைப் பிடிச்சேன். ஐயோ, அதே நகம்! பத்து விரலும் வெளுத்து, குழி விழுந்து கெடந்தது.

மாமியார் காதுல மட்டும், "நர்சம்மா கிட்ட காட்டுக்கா, ரத்தம் கம்மியா இருக்குது"ன்னேன். அந்தம்மா கூடம் பூரா கேக்கற மாதிரி கத்தினாங்க, "நீ வளையல் போட வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா? நல்ல நாளும் அதுவுமா!" எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அந்தத் தெருவுல இன்னும் ரெண்டு சீமந்தம் வரப்போவுது. நமக்கேன் வம்புன்னு வாயை மூடிக்கினு வளையலை ஏத்தினேன். நர்சம்மா கிட்ட நானாவது ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போடல. செல்விதான் என் கையை அமுக்கி மெதுவா சொன்னா: "விடுக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன். படி ஏறினாத்தான் மூச்சு வாங்குது."

கருப்பு வளையல்

பிரசவத்துல ரத்தம் நிக்கவேயில்லையாம். திருப்பதி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. வழியில புத்தூர் தாண்டறதுக்குள்ள செல்வி போயிட்டா. உடம்புல இருந்ததே கொஞ்சம், அதுவும் போனா அந்தப் பொண்ணு எப்படித் தாங்கும்?

மூணாம் மாசம் மாமியார் புள்ளையைத் தூக்கிக்கினு கடைக்கு வந்தாங்க. திருஷ்டிக்குக் கருப்பு வளையல் வேணுமாம். நான் குழந்தையோட கையைத்தான் முதல்ல விரிச்சுப் பார்த்தேன். நகம் நல்லா இருந்தது. மனசு கேக்காம, "நர்சம்மா அவளுக்கு மாத்திரை குடுக்கலையாக்கா?"ன்னு கேட்டுட்டேன். இந்தத் தடவை அவங்க கத்தல. ஸ்டூல்ல உட்கார்ந்து அழுதாங்க.

"குடுத்தாங்கம்மா, வாங்கியாந்து பீரோல வெச்சேன். அதைப் போட்டா புள்ள கருப்பாப் பொறக்கும்னு சொன்னாங்க, நான்தான் வேணாம்னுட்டேன். இப்போ பாரு, அவன் நைனா மாதிரி கருப்பாத்தான் பொறந்திருக்கான்."

எந்தக் கையிலும் வளையல் உடையாம ஏத்தக் கத்துக்கின எனக்கு, ஒரு சீமந்தத்துல ரெண்டு திட்டு சேர்த்து வாங்கிக்கத்தான் துப்பில்லாம போச்சு.