கூலண்ட் தொட்டியில் கிடந்த கால்குலேட்டர்

தொண்ணூற்றொன்று என்றாலே ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களிடம் எல்லோரும் குண்டு வெடித்த அந்த மே மாதத்தைத்தான் கேட்பார்கள். நான் சொல்லப்போவது அதே வருஷம் ஐப்பசியில் நடந்தது. பத்திரிகையில் வராதது, ஒரு லேத் பட்டறைக்குள் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் தெரிந்தது.

அப்போது ஒரகடத்தில் இவ்வளவு கம்பெனிகள் கிடையாது. கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் ரோட்டின் ஓரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் பட்டறை. ஆறு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். மறைமலை நகரில் இருந்த பெரிய கம்பெனி ஒன்றுக்குச் சின்னச் சின்ன இரும்பு உருப்படிகளைக் கடைந்து அனுப்புவோம். நான் அங்கே இன்ஸ்பெக்ஷன். கடைந்து வந்ததை அளந்து, சரி என்றால் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவேன். படித்தது பத்தாவது. அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு ஐடிஐ புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நானே முட்டி மோதிக் கற்றது. அதனால் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம். மறைப்பானேன்.

மூன்றாவது லேத்தில் இருந்தவர் சேரப்பணஞ்சேரிக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர், தினமும் சைக்கிளில் வருவார். நான் அவரை அண்ணா என்பேன். அவரிடம் ஒரு கால்குலேட்டர் இருந்தது. மூர் மார்க்கெட் எரிவதற்குப் பல வருஷம் முன்பு அங்கே வாங்கியது என்பார். பாக்கெட்டில் வைப்பது என்று பெயர், ஆனால் வைத்தால் சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கும். எண்கள் சிவப்பு விளக்காக எரியும். ஏழு என்ற எழுத்து பொத்தானிலிருந்து எப்போதோ தேய்ந்து போய்விட்டது. உடைந்த மூடியைச் சைக்கிள் டியூப் வெட்டிக் கட்டியிருந்தார். அந்தச் சிவப்பு விளக்கு பேட்டரியைக் குடித்துவிடும் என்பதால், பென் டார்ச்சுக்குப் போடும் செல் இரண்டையும் தனியாகச் சட்டைப் பையில் வைத்திருப்பார். கணக்கு வந்தால் போடுவார், முடிந்ததும் கழற்றிவிடுவார்.

"இது இன்னாண்ணா, கால்குலேட்டரா டிரான்சிஸ்டரா? பாட்டு வருமா?" என்று சீண்டுவேன்.

"வரும். நீ கணக்கு கேளு, பாடும்."

என்னிடம் இருந்தது முதலாளி பர்மா பஜாரில் வாங்கிக் கொடுத்தது. விசிட்டிங் கார்டு போல மெல்லிசு. பேட்டரியே வேண்டாம், வெளிச்சத்திலேயே ஓடும். அதை வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த வேலை, ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்துப் போகிற ஒரு இரும்புப் பின். இந்த மாதிரி உருப்படிக்கு லேத்தில் வெட்டும் டூல் உட்கார்ந்திருக்கும் மேடையைக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். எத்தனை டிகிரி சாய்ப்பது என்பதுதான் கணக்கு. நான் என்னுடையதில் தட்டினேன். பதினொன்று வந்தது. அண்ணாவும் சும்மா இருக்காமல் அவருடையதில் தட்டினார்.

"எம்மா, எனுக்குப் பத்துக்கிட்ட காட்டுதே. பத்துகூட இல்ல, ஒன்பதே முக்காலுக்கு மேல."

சிரித்துவிட்டேன். "அண்ணா, அதுக்கு வயசாயிடுச்சு. எட்டு போட்டா ஒரு கோடு எரியல பாருங்க. பதினொண்ணே வைங்க."

அவர் அந்தச் சிவப்பு எண்ணை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "சரி, இன்ஸ்பெக்ஷன் சொன்னா சரி" என்று செல்லைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் பீஸ் வந்தது. வெளியே டெம்போக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். பெருத்த பக்கத்தை அளந்தேன், நீளத்தை அளந்தேன். சிறுத்த முனையை மழுக்கி உருட்டியிருந்ததால் அதில் அளவுக் கருவி நிற்காது. சாய்வுக் கோணத்தைத் தனியாக அளக்க ஒரு கருவி என் மேஜையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. கணக்குப் போட்டதே நான்தானே, அதை நானே எதற்கு அளப்பது என்ற நினைப்பு. கோடு போட்டுவிட்டேன். அதைப் பார்த்தே மீதியையும் கடைந்து அன்றைக்கே டெம்போவில் ஏற்றினார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மறைமலை நகரிலிருந்து போன். ஒரு பீஸ்கூடப் பொருந்தவில்லை, மொத்தமும் திரும்பி வருகிறது என்று. சூப்பர்வைசர் போனை வைத்த வேகத்தில் மூன்றாவது லேத்துக்கு வந்தார்.

"இன்னாய்யா செட் பண்ண?"

"பாப்பா சொன்ன நம்பருதான் சார். பதினொண்ணு."

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். மேடையைப் பார்த்தால் தெரிந்திருக்கும், ஆனால் அதை அதற்குள் வேறு வேலைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பதினொன்று தவறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என் கணக்கு, புது மெஷின் போட்ட கணக்கு.

"சார், நான் சொன்னது பதினொண்ணுதான். அது கரெக்ட். அண்ணா அந்தப் பழைய பெட்டியை நம்பிப் பத்து வெச்சிருப்பாரு. அதுல பத்துதான் காட்டுச்சு. இப்ப பொய் சொல்றாரு."

ஒவ்வொரு லேத்தாக நின்றது. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

"நான் பொய் சொல்றனா?" என்றார் அண்ணா. சத்தமாகக்கூட இல்லை. "நான் பொய் சொல்றனாம்மா?"

பக்கத்தில் லேத்துக்கு ஊற்றும் கூலண்ட் தொட்டி. எண்ணெயும் தண்ணீரும் கலந்து, பால் போல வெள்ளையாக இருக்கும். "இது கீறதாலதான என் பேச்சு எடுபடல" என்று சொல்லி, லேத்தின் மேல் வைத்திருந்த கால்குலேட்டரை எடுத்து அந்தத் தொட்டிக்குள் வீசினார். ஒரே ஒரு 'பொளக்'. அவ்வளவுதான்.

"வூட்டுக்குப் போய்யா. செவ்வாக்கெழம மொதலாளி வருவாரு. வந்து சம்பளத்த வாங்கினு கெளம்பு" என்றார் சூப்பர்வைசர்.

ஞாயிறு லீவு. திங்கள் காலையில்தான் வாரம் ஒருமுறை தொட்டிகளைக் காலி செய்து கழுவுவார்கள். அதைச் செய்யும் அக்கா வாய் ஓயாமல் பேசுவார், அவர் பேச்சைக் கேட்கவே நான் சீக்கிரம் வருவேன். அன்றைக்குக் கையை உயர்த்திக்கொண்டு வந்தார். விரலிடுக்கில் வெள்ளைத் தண்ணீர் சொட்டியது.

"எம்மா, மீனு புடிச்சேன் பாரு. முள்ளு இல்லாத மீனு."

குப்பையில் போடச் சொன்னேன். "அய்ய, அது அந்த ஆளு பொருளு. நாளிக்கி வருவான்ல, தொடச்சு வெய்யி. செத்தவனுக்குக்கூடக் குளிப்பாட்டித்தான் அனுப்புறோம்" என்றார்.

அந்தப் பேச்சுக்காகத்தான் செய்தேன். மூடியைக் கழற்றி, ஏர் ஹோஸால் ஊதி, வெளியே தகரத்தின் மேல் வெயிலில் வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் திரும்ப எடுத்தபோது, துளைக்குள் அடித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் பென் டார்ச் ஞாபகம் வந்தது. அதிலிருந்து செல் இரண்டையும் எடுத்து விளையாட்டாகப் போட்டேன். ஸ்விட்சைத் தள்ளினேன்.

சிவப்பாக ஒரு பூஜ்ஜியம்.

கையிலிருந்து நழுவவிட்டிருப்பேன். இரண்டு ராத்திரி முங்கிக் கிடந்தது! அக்கா மார்பில் கையை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி, உசுரோட கீது!"

பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். எப்போதும்போல் செல்லைக் கழற்றி வைத்திருந்ததால் உள்ளே கரண்ட் இல்லை. கூலண்டிலேயே இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும். சமாதானம் சொல்லலாம். ஆனாலும் அந்தப் பூஜ்ஜியம் எரிந்த நொடியில் எந்தச் சமாதானமும் இல்லை. அதிலிருந்து எங்கே பழைய கால்குலேட்டரைப் பார்த்தாலும் விசாரிக்கிறேன். படப்பையில் மாட்டுத் தீவனம் விற்கும் கடையில் ஒன்று இருந்தது, லாரி சக்கரம் ஏறி ஓரம் நசுங்கியது. கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக வந்தது. ஒரு கம்பவுண்டர் வைத்திருந்ததில் கண்ணாடிக்குப் பின்னால் எறும்பு குடியேறிவிட்டது. "எறும்பும் ஓடுது, நம்பரும் ஓடுது, எனக்கு ரெண்டும் தொந்தரவு இல்ல" என்றார். அதற்கப்புறம் நான் வாங்கிய டிவி, மிக்சி, போன் எதுவும் இந்த மாதிரி உழைக்கவில்லை.

அந்தத் திங்களுக்கு வருகிறேன். அக்கா போன கையோடு டெம்போ வந்தது. திருப்பி அனுப்பிய பீஸ்களைச் சாக்கில் கொண்டுவந்து என் மேஜையடியில் கொட்டினார்கள். இப்போதாவது அளக்கலாம் என்று கோணக் கருவியை எடுத்தேன். அண்ணா வைத்த பத்து டிகிரியைப் பார்க்கப்போகிறேன் என்றுதான் எடுத்தேன்.

பதினொன்று.

இன்னொரு பீஸ். பதினொன்று. சாக்கின் அடியிலிருந்து ஒன்று. பதினொன்று. அவர் நான் சொன்னதைத்தான் வைத்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆறு பேர் முன்னால் பொய் சொன்னவள் நான்.

அப்போதும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. மறைமலை நகர்க்காரர்கள் தப்பாகப் பார்த்திருப்பார்களோ என்று ஒரு ஓட்டம் ஓடியது. ஐடிஐ புத்தகத்தில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. உயரமும் நீளமும் சமமாக இருந்தால் சாய்வு நாற்பத்தைந்து டிகிரி. சின்னப் பிள்ளைகூடக் காகிதத்தை மடித்துக் காட்டிவிடும். சிவப்பு எண் மெஷினில் தட்டினேன். நாற்பத்தைந்து. என் மெல்லிசு மெஷினில் தட்டினேன்.

ஐம்பது.

திரும்பத் தட்டினேன். ஐம்பது. துடைத்துவிட்டுத் தட்டினேன். ஐம்பது. அப்போதுதான் கண்ணாடியின் மேல் ஓரத்தில் கடுகளவு ஓர் ஆங்கில எழுத்து எரிவதைக் கவனித்தேன். பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: செங்கோணத்தைத் தொண்ணூறாகப் பிரிக்காமல் நூறாகப் பிரித்து எண்ணும் ஒரு முறை உண்டாம், எங்கள் பக்கம் யாரும் கேள்விப்படாதது. ஒரு பொத்தானைத் தட்டினால் மெஷின் அதற்கு மாறிவிடும். அந்த முறையில் பதினொன்று என்றால் எங்கள் டிகிரியில் பத்துக்குக் கொஞ்சம் கீழே, அண்ணா சொன்னதேதான். எந்த விரல் தட்டியதோ? வெல்வெட் துணியில் சுற்றி வைத்த மெஷினை என் விரலைத் தவிர வேறு எந்த விரல் தொடும்.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவரும் இரண்டிலும் தட்டிப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெளிய மூச்சு வுடாத" என்றார். "அவன் ஒரு ஆளு போனா இன்னொரு டர்னர் கெடைப்பான். நீ போனா இன்ஸ்பெக்ஷனுக்கு நான் எங்கம்மா போய் நிப்பேன்? மொதலாளி ஒருத்தர அனுப்புறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. அது நீயா இருக்கணுமா?"

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். எனக்கும் பயம்தான். வீட்டில் என் சம்பளத்தை நம்பி அடுப்பு எரிந்த நாட்கள் அவை. ஷிப்ட் முடிந்து சைக்கிளை எடுத்த பிறகும், வீட்டுப் பக்கம் திருப்புவதா சேரப்பணஞ்சேரிப் பக்கம் திருப்புவதா என்று கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றேன்.

பொழுது சாய்வதற்குள் போய்விட்டேன். அண்ணா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கால்குலேட்டரை நீட்டினேன். வாங்கியவர் சட்டைப் பையிலிருந்து அவருடைய செல்லை எடுத்துப் போட்டார். சிவப்பு எரிந்தது.

"ஏய்!" என்று கத்தினார். மாடு மிரண்டு விலகியது. "ரெண்டு நாளு முங்கினு கெடந்துச்சேம்மா! இது இன்னாத்துல செஞ்சான்?" பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பீஸை அளந்தது, பதினொன்று இருந்தது, ஐம்பது வந்தது, எல்லாம். கையெடுத்துக் கும்பிட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. வாளியைக் கீழே வைத்தார்.

"இங்க வந்து சொல்றதுல இன்னா கீது? மாடுதான் கேக்குது. என்ன பொய்யன்னு எங்க சொன்ன?"

"பட்டறையில."

"அங்க சொல்லு."

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி வந்து உட்காருவதற்கு முன்பே போய் நின்றேன். லேத்தையெல்லாம் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். சூப்பர்வைசர் கண்ணால் வேண்டாம் என்றார். மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அண்ணா உள்ளே வரவில்லை, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டருகில் நின்றார். அவருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். "அண்ணா பொய் சொல்லல. நான் தப்பா நம்பர் குடுத்தேன். முதல் பீஸை அளக்காம கோடு போட்டேன். அப்புறம் அவரைப் பொய்யர்னு சொன்னேன்." குரல் இடையில் கிறீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி நான் நீட்டிய மெல்லிசு மெஷினை வாங்கி அந்த நாற்பத்தைந்து டிகிரிக் கணக்கை அவரே தட்டினார். ஐம்பது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தட்டினார். அதை வாங்கி வந்தது அவர்தான் அல்லவா. நான் என் டிபன் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினேன், எடுத்துக்கொண்டு கிளம்ப.

"இன்னும் ஒரு வாட்டி அளக்காம வுட்ட, உன்ன நானே கேட்டுக்கு வெளிய கொண்டாந்து வுடுவேன்" என்றார் முதலாளி. பிறகு கேட் பக்கம் பார்த்து, "இன்னாய்யா நிக்கிற, உள்ள வா. சாயங்காலத்துக்குள்ள மொத்தமும் புதுசா போவணும்."

அண்ணா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். கைலியை மாற்றிக்கொண்டு மூன்றாவது லேத்துக்குப் போனார். மேடையின் திருகைத் தளர்த்திவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நம்பரு சொல்லும்மா."

அவர் கையிலேயே அந்தச் சிவப்பு எண் எரிந்துகொண்டிருந்தது. என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஒன்பது புள்ளி ஒன்பது ரெண்டு. ஒவ்வொரு பீஸையும் அளக்கறேண்ணா."

"ஒவ்வொண்ணயுமா? அப்ப இன்னிக்கி யாரும் வூட்டுக்குப் போவ முடியாது" என்றார். "மொதோ பீஸ அள. ஒயுங்கா அள. அது போதும்."