என் மூஞ்சி போட்ட சட்டை

அப்படியா சொன்னாங்க கோயில்ல? என் மூஞ்சி அவங்களுதாமா? உக்காரு தங்கச்சி. அந்த நாற்காலி வேணாம், அதுக்குக் கால் ஆடுது, இதுல உக்காரு. என் சம்மந்தியம்மா இருக்காங்களே, என் மருமகளப் பெத்த மகராசி, அவங்க உலு திராம்ல நின்னு பேசினா இங்க பெர்மாஸ் ஜெயாவுல நம்ம ஜன்னல் கண்ணாடி அதிரும். அவங்க சொன்னத மட்டும் கேட்டுட்டுப் போவாத. முழுசா நான் சொல்றேன். கேட்டா நீயும் சிரிப்ப. நான் சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வெலா வலிக்குது.

எப்படி ஆரம்பிச்சுச்சுன்னா, பிரஷர் மாத்திரை வாங்க கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்க கூட்டம் தெரியும்ல, காலையில போனா மத்தியானச் சோறு அங்கதான். எதுத்த பெஞ்சில ஒரு ஆளு வந்து உக்காந்தான். நல்லா வளந்த தொந்தி. மஞ்சச் சட்டை. சட்டையில ஒரு கெழவி வெரல நீட்டிக்கிட்டு, கண்ண உருட்டிக்கிட்டு, கடிக்கிற மாதிரி நிக்கிறா. யாருடா இந்தப் பிசாசுன்னு பாத்துட்டே இருந்தேன். அவன் நிமிந்து உக்காந்தான். தொந்தி விரிஞ்சுச்சு, கெழவியும் கூட விரிஞ்சா. பாத்தா, நான்!

விடுவனா? எந்திரிச்சுப் போயி சட்டையக் கொத்தாப் புடிச்சேன்.

"யாருடா நீ? என் மூஞ்சிய உன் தொந்தியில ஒட்டிக்கிட்டு அலையிற?"

"அலமாக்! பாட்டி, நீங்கதானா அது?" அவனுக்கு ஒரே சந்தோசம். போன எடுத்துக்கிட்டு, "ஒரு படம் எடுத்துக்கலாமா பாட்டி"ங்குறான்.

"கீழ என்னமோ எழுதியிருக்கே, என்ன அது?" எனக்குத்தான் எழுத்து தெரியாதே.

"'யாரக் கேட்டு?'ன்னு போட்டிருக்கு பாட்டி. உலு திராம்ல ஒரு பிரிண்டிங் கடை. இப்ப எல்லாப் பயலும் இதத்தான் போடுறானுங்க லா."

உலு திராம்ல பிரிண்டிங் கடைன்னதும் வெளங்கிருச்சு. என் மருமகளோட அண்ணன் கடை. அன்னிக்கு அந்த நர்சு பிரஷர் பாத்துட்டு, "பாட்டி, உப்பு நெறையா சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்குது. உப்பு இல்லம்மா, சம்மந்திய சாப்பிடப் போறேன்னு சொன்னேன். அதுக்குத் தமிழ் சரியா வராது, தலைய ஆட்டுச்சு.

அந்தப் படம் எங்க எடுத்ததுன்னு எனக்கு நல்லாத் தெரியும். என் மகன் கல்யாணத்துல. மாப்ள வீட்டு ஆளுங்க நாங்க இன்னும் பந்தியில உக்காரவே இல்ல, பொண்ணு வீட்டுச் சித்தி ஒருத்தி பிளாஸ்டிக் பையில வடைய அள்ளிக்கிட்டு இருந்தா. நான் வெரல நீட்டி, "யாரக் கேட்டு?"ன்னேன். அந்த நேரம் பாத்து போட்டோக்காரன் அமுக்கிட்டான். வடை அள்ளினவ படத்துல இல்ல, கேட்டவ மாட்டிக்கிட்டேன் பாரு. அது நல்ல வடைதான், பருப்பு வடை, சோம்பு கொஞ்சம் தூக்கலா. அத வுடு.

மகன காரெடுக்கச் சொன்னேன். அவன் வழியெல்லாம், "அம்மா, எம் பொண்டாட்டிக்கு அண்ணன்மா, சத்தம் போடாதம்மா"ன்னு கெஞ்சிக்கிட்டே ஓட்டுறான். நான் சத்தம் போடல, போலிஸ் பாலாய்க்குப் போயி ரிப்போட் அடிக்கப் போறேன், அவ்ளோதான்னேன். கார் இன்னும் மெதுவாப் போச்சு.

கடைக்குள்ள போனா மை வாடை, சூடு. ஜன்னல் மாதிரி ஒரு கட்டையில கொசுவலை கணக்கா துணிய இழுத்துக் கட்டியிருக்கான். அதுக்குப் பேரு ஸ்கிரீனாம். வலையில மத்த எடமெல்லாம் அடைச்சிருக்கு, என் மூஞ்சி மட்டும் ஓட்டையா இருக்கு. மேல கறுப்பு மைய ஊத்தி ஒரு ரப்பர் பலகையால வழிச்சு இழுக்குறான். தூக்கினா, கீழ மஞ்சச் சட்டையில நான் விழுந்து கெடக்குறேன். திரும்ப இழுக்குறான், இன்னொரு நான். பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு.

"வாங்க அத்தை! சொல்லாம வந்துட்டீங்களே!" மருமகளோட அண்ணன் கையில மையோட வந்து நிக்கிறான்.

"நீ சொல்லாமத்தானே போட்ட. யாரக் கேட்டுடா என் மூஞ்சிய எடுத்த?"

"அத்தை, நான் திருட்டு வேலை பண்றவன் இல்ல. நெட்டுல கெடக்குற படத்த நான் தொடவே மாட்டேன். கார்ட்டூன் பொம்மை போட்டுக் குடுன்னு வருவாங்க, புட்பால் டீம் சின்னம் போட்டுக் குடுன்னு வருவாங்க, துரத்தி விட்டுருவேன். எதுக்கும் சொந்தக்காரங்கள கேட்டுத்தான் போடுவேன்."

"அப்ப யாரக் கேட்ட?"

"எங்கம்மாவ."

கூப்பிட்ட மாதிரி உள்ளேருந்து சம்மந்தியம்மா வர்றாங்க, கையில தேத்தண்ணியோட. அந்தச் சிரிப்பப் பாக்கணும் நீ.

"வாங்க சம்மந்திம்மா, உக்காருங்க. ஏன் வேர்க்குது? போட்டோ எங்களுதுதானே. போட்டோக்காரர பேசிக் கூட்டியாந்தது நாங்க. 'நாங்க மாப்ள வீடு, போட்டோக்காரன புடிக்கிறதெல்லாம் பொண்ணு வீட்டு வேலை'ன்னு மண்டபத்துலயே நின்னு சண்டை போட்டீங்களே, மறந்துட்டீங்களா? யாரு சொல்லி எடுத்த படமோ, அவங்களுக்குத்தான் சொந்தம். எம் மகன் விசாரிச்சுட்டான்."

"மூஞ்சி என்னுது!"

"மூஞ்சி உங்களுதுதான் சம்மந்திம்மா. யாரு வேணாம்னா? படம் எங்களுது."

அந்தச் சண்டைய நான் போட்டதுக்கு இன்னிக்கும் வருத்தமில்ல தங்கச்சி. மாப்ள வீடுன்னா மாப்ள வீடுதான். ஆனா அதுல இப்படி ஒரு ஆப்பு இருக்கும்னு யாருக்குத் தெரியும்?

அந்தச் சட்டைய ஒண்ணு எடுத்து விரிச்சுப் பாத்தேன். அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. மூக்குத்திய காணோம்! எங்கம்மா போட்டுவிட்ட கல்லு மூக்குத்தி. தூங்கும்போது கூட கழட்டினதில்ல. என்னை மொட்ட மூக்கோட ஊரெல்லாம் சுத்த விட்டிருக்கான்.

"எங்கடா என் மூக்குத்தி?"

"அது ரொம்பச் சின்னப் புள்ளி அத்தை. மை பரவி அந்த ஓரத்த மூடிருது. ஒண்ணும் பண்ண முடியாது."

"மூக்குத்தி இல்லாட்டியும் நீங்க அழகுதான் சம்மந்திம்மா"ங்குறாங்க அவங்க. தேத்தண்ணிய நான் தொடல. அப்படியே ஆறட்டும்னு வந்துட்டேன்.

நம்ம மூணாவது மாடியில இருக்கே, மாதா கோயிலுக்குப் போற பிள்ளை, சிங்கப்பூர் கம்பெனிக்கு வீட்டுலயே இருந்து படம் வரையுதே, அதுகிட்டப் போனேன். லிப்ட் வேற கெட்டுக் கெடந்துச்சு, படியேறி மூச்சு வாங்கிப் போயி, "பிள்ளை, இந்தப் பொம்பளைய எப்படி உள்ள தள்றது?"ன்னேன்.

"உள்ள தள்ள முடியாது பாட்டி. போட்டோ விசயத்துல அவங்க சொல்றது சரிதான். அவங்க சொல்லி எடுத்தது, அவங்களுது."

"அப்ப அந்தப் போட்டோவப் பாத்து நீ ஒண்ணு வரைஞ்சு குடு. மூக்குத்தியோட."

"அய்யோ, அதப் பாத்து வரைஞ்சா அதுவும் வம்புதான். நீங்க என் முன்னால உக்காருங்க. உங்களப் பாத்து நான் புதுசா வரையிறேன். நீங்க ஆர்டர் குடுத்து நான் வரைஞ்சா, படம் உங்களுது. வேற யாரு போட்டாலும் உங்களத்தான் கேக்கணும்."

என் காதுல தேன் ஊத்துச்சு அந்தப் பிள்ளை. உக்காந்தேன். ஆனா பாரு, மனசு சந்தோசமா இருந்தா மூஞ்சி எப்படிக் கடுகடுன்னு வரும்? வெரல நீட்டுறேன், கண்ண உருட்டுறேன், பல்லு இளிக்குது. "பாட்டி, நீங்க ஆசீர்வாதம் பண்ற மாதிரி இருக்கு"ங்குது அது.

"இரு, கோவம் வரவைக்கிறேன்"னு சொல்லி, சம்மந்திக்கு போன் போடச் சொன்னேன். சத்தமா கேக்குற மாதிரி மேசையில வச்சோம்.

"என்ன சம்மந்திம்மா, பிரஷர் எறங்கிருச்சா?"

ஆ, அந்த ஒரு சொல்லுதான்! உச்சந்தலைக்கு ஏறிருச்சு.

"உங்க மகனுக்கு ஒரு மூக்குத்தி போடத் தெரியாதா? இல்ல உங்க வீட்டுல யாரும் தங்கத்தையே பாத்ததில்லையா?"

"தங்கம் பாத்த கண்ணு சம்மந்திம்மா எங்களுது. அதான் உங்க கண்ணாடிக் கல்லு தெரியல."

"கண்ணாடியா? வடைய மூட்டை கட்டுன வம்சத்துக்கு வாயப் பாரு!"

"பாட்டி, அப்படியே இருங்க, அப்படியே! வெரல் இன்னும் கொஞ்சம் மேல!"ன்னு பிள்ளை கைய ஓட்டுது. நான் அப்படியே இருந்தேன். சம்மந்தி நிறுத்தவே இல்லயே, எனக்கு என்ன சிரமம்? அவங்க திட்டத் திட்ட நான் வெளங்கி வர்றேன் படத்துல. கடைசில, "ரொம்ப நன்றி சம்மந்திம்மா"ன்னு சொல்லி வச்சேன். 

அந்தப் பிள்ளைக்கு நல்ல கை. என் சுருக்கத்தையெல்லாம் தடிச்ச கோடா இழுத்துப் போட்டுச்சு, மெல்லிசாப் போட்டா வலையில நிக்காதாம். மூக்குத்திய பட்டாணி அளவுக்கு வரைஞ்சு, அதச் சுத்தி கறுப்ப ஒதுக்கி எடம் விட்டுச்சு. மஞ்சத்துணி அந்த எடத்துல தெரியும்போது தங்கம் கணக்கா இருக்கு. ஒரே கலர், ஒரே ஸ்கிரீன். இன்னொரு கலர் வேணும்னா இன்னொரு ஸ்கிரீன் பண்ணணுமாம், தேவையில்லன்னேன், நான் தனியா நின்னாலே போதும்.

டவுன்ல சீனர் கடையில சட்டையில அடிக்கக் குடுத்தோம். அவரு முதல்ல கேட்டதே, படம் யாருது, கேட்டாச்சான்னுதான். "இந்தா நிக்கிறேன், என்னையே கேளு"ன்னேன். என்னைப் பாத்தாரு, படத்தப் பாத்தாரு, ரெண்டடி பின்னால போயிட்டாரு.

கோயில் சமையல்காரப் பொம்பளைங்களுக்கு மட்டும்தான் முதல்ல குடுத்தேன். ஒருத்தி சிம்பாங் ரெங்கத்துல அவ தங்கச்சி வீட்டுக்குப் போட்டுட்டுப் போனாளா, அங்கேருந்து ஆளுங்க கேட்டு வர்றாங்க. இப்ப உலு திராம் கடைக்குப் போறவனெல்லாம், "மூக்குத்தி பாட்டி இருக்கா?"ன்னு கேக்குறானாம். மொட்ட மூக்கு கெழவி அலமாரியில அடுக்குன மாதிரியே இருக்காளாம்.

சம்மந்தி மகன் போன் போட்டான். "அத்தை, அந்தப் புதுப் படத்த எனக்குக் குடுங்களேன்."

"மொதல்ல பழைய கெழவிய அழி. என் கண்ணு முன்னால அழிக்கணும். பெறகு யோசிக்கிறேன்."

போனேன். அந்த ஸ்கிரீன எடுத்துத் தொட்டிக்குள்ள நிறுத்தி, மருந்து தடவி, தண்ணியப் பீச்சி அடிச்சான். அடைச்சிருந்ததெல்லாம் எளகி வழிஞ்சு, கொஞ்ச நேரத்துல வெறும் வலைதான். மூஞ்சி எங்க இருந்துச்சுன்னே தெரியல. அந்தப் போட்டோ அவங்ககிட்டயே இருக்கட்டும் தங்கச்சி, பீரோவுல வச்சுப் பூட்டிக்கட்டும். சட்டையில இல்ல, அதான் எனக்கு வேணும்.

"இப்பக் குடுப்பீங்களா அத்தை?"

"நீ கேட்டா ஆச்சா? பொண்ணு கேக்க வந்தப்ப தட்டு வச்சுத்தானே பேசினோம்? உங்கம்மாவ தட்டோட வந்து கேக்கச் சொல்லு."

நேத்து வந்தாங்க. வெத்தல, பாக்கு, பூ, வாழப்பழம், எல்லாம் வச்சு, பட்டுச்சேலையில. "சம்மந்திம்மா, உங்க படத்த எங்க கடைக்குக் குடுக்கணும்"னு பல்லக் கடிச்சுக்கிட்டே சொல்றாங்க. நான் தட்ட வாங்கல. யோசிக்கணும்னேன். தட்ட எடுத்துட்டுத் திரும்பிப் போனா அவங்களுக்கு அசிங்கம், அதான் மேசையில வச்சுட்டுப் போயிட்டாங்க. அதுலேருந்து ஒண்ண எடுத்துட்டா நான் சரின்னு சொன்னதா ஆயிரும். தொடுவனா நான்? பழம் கறுத்து அழுகட்டும். மறுபடி புதுப் பழத்தோட வரட்டும். மறுபடி யோசிப்பேன்.

ஏய், ஏய்! கைய எடு! அந்தப் பழத்தத் தொடாத தங்கச்சி! என் வீட்டுல யாரு எடுத்தாலும் நான் எடுத்த மாதிரிதான். பசிச்சா பிஸ்கட் இருக்கு, டின்ன தொற.

இரு, பைப்புல சத்தம் கேக்குது. காலையிலேருந்து தண்ணி இல்ல, இப்பத்தான் வருது. நீயும் ஓடிப் போயி உன் வீட்டு வாளிய வையி, பெறகு நின்னுரும்.