ஏழேகாலுக்கு இறங்கும் குழம்பு

மாணிக்கம் போய்விட்ட சேதி வந்தபோது நான் தெருமுனையில் சைக்கிளோடு நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் இருவரும் தினமும் மாலை ஐந்தரைக்குப் பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்புவோம். அன்று ஆறாகியும் ஆளைக் காணவில்லை. வந்ததும் கேட்பதற்கு ஒரு கிண்டலைத் தயாராக வைத்திருந்தேன். "என்னா மதாம், பொடவ கட்ட நேரமாயிடுச்சா?" அவ்வளவுதான். அவனுக்குப் பதிலாக அவன் மகன் சேகர் வந்தான். காலில் செருப்பு இல்லை.

"பெரியப்பா, வூட்டுக்கு வாங்க."

"எங்கடா உங்கப்பன்?"

"புளிய ஊற வச்சிட்டு எழுந்தாரு பெரியப்பா. அப்படியே சாஞ்சிட்டாரு. ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிப்போச்சு."

சொல்லாத அந்தக் கிண்டல் இன்னும் என் வாயில்தான் கிடக்கிறது.

மில்லில் அவனோடு ஷிப்ட் பார்த்தவர்களுக்கும், முதலியார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்து மூன்று வயதாகிறது. இப்போதெல்லாம் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் எனக்குத்தான் முதலில் நாற்காலி போடுகிறார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது. மாணிக்கம் என்னைவிட நான்கு வயது இளையவன். அவன் எனக்கு நாற்காலி போட வேண்டியவன்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் பெரிய வீட்டு அம்மாக்களை 'மதாம்' என்று கூப்பிடுவோம். மாணிக்கத்துக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். மில் வேலை போன பிறகு அவன் மனைவி பூங்காவனம் துணி தைக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அவள் வீடு திரும்ப ஏழரை ஆகும். முதல் வாரம் வந்த களைப்போடு அடுப்பு பற்ற வைத்திருக்கிறாள். இரண்டாவது வாரம் மாணிக்கம் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு அவன் சமையல்தான். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் நான்.

"சிரிங்க அண்ணாத்தே" என்பான். "அவளுக்குப் பசி ஏழரைக்கு வரும். கொழம்பு ஏழேகாலுக்கு எறங்கிடணும். அவ செருப்பக் கழட்டுறதுக்கும் நான் தட்டு வைக்கிறதுக்கும் சரியா இருக்கணும்."

தறியில் நின்ற காலத்தில்கூட அவன் இத்தனை நேரம் பார்த்து வேலை செய்ததில்லை. மேஸ்திரி உயிரோடு இருந்தால் சாட்சி சொல்வார்.

காலையில் காய் வாங்குவது பணக்காரர்கள் வேலை என்பான். மார்க்கெட்டுக்கு வெளியூர்களிலிருந்து காய் கொண்டு வருகிற பெண்கள் சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மிஞ்சியதைத் திருப்பித் தூக்கிப் போக முடியாது. அதனால் எடை போடாமல் கூறு கட்டி வைப்பார்கள். ஒரு குவியல் இவ்வளவு என்று விலை. "அவங்களுக்கு அவசரம், நமக்கு அவசரம் இல்ல. சல்லிசுன்னா அவ்ளோதான் அண்ணாத்தே" என்பான். தை மாதம் மொச்சையும் அவரையும், சித்திரையில் மாங்காயும் முருங்கையும், படகு போகாத நாளில் கருவாடு. எது மலிந்து கிடக்கிறதோ அது அன்றைக்குக் குழம்பு. சொத்தைக் கத்திரிக்காயைக்கூட அவன் நறுக்கினால் சொத்தை தனியாக, காய் தனியாக வந்துவிடும். நான் நறுக்கினால் விரல்தான் வரும்.

எனக்கு மூட்டு வலி. கூட்டத்தில் இடிபட முடியாது. என் சைக்கிள் பூட்டும் சரியில்லை. அதனால் நான் வாசலில் இரண்டு சைக்கிளுக்கும் காவல். அவன் உள்ளே போய் வருவான். ஒரு நாளும் சீக்கிரம் வந்ததில்லை.

"ஒரு கூறு அவரக்காய்க்கு அர மணி நேரமா? உள்ள எவடா இருக்கா?"

"ஒங்களுக்குக் காட்டுனா அவ ஓடிடுவா அண்ணாத்தே."

சுனாமிக்குப் பிறகு ஒன்று நடந்தது. ரொம்ப நாள் யாரும் மீன் தொடவில்லை. ஊரே பயந்து கிடந்தது. வைத்திக்குப்பத்தில் மறுபடி படகு இறங்கிய சமயம், ஒரு அம்மா மார்க்கெட் வாசலில் கூடை நிறையக் காரப்பொடி மீன் வைத்து உட்கார்ந்திருந்தாள். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். "குடுக்கறதக் குடுத்துட்டு அள்ளிக்கினு போண்ணே" என்றாள். நான் மாணிக்கத்தின் முதுகில் இடித்தேன். இப்படி ஒரு மலிவு இனி வராது, அடித்துப் பேசு என்று. அவன் கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "இதெல்லாம் ஆவறதுக்கு மின்ன என்னா வெலைக்கிம்மா வித்தே?" என்று கேட்டான். அவள் சொன்ன விலையை அப்படியே கொடுத்தான். வழியெல்லாம் நான் அவனை ஜமீன்தார் என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தான். "காய் மிஞ்சிப்போயி வெல எறங்குனா வாங்கலாம் அண்ணாத்தே. ஆளு பயந்துபோயி வெல எறங்குனா வாங்கக் கூடாது."

என் மனைவி குப்பம்மாள் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. அவள் முப்பதாம் நாள் கழிந்த மறுநாள் மாணிக்கம் வந்து, "இனிமே ராத்திரிக்கி அங்கதான்" என்று சொல்லி என்னை இழுத்துப் போனான். அன்று முள்ளங்கியும் நெத்திலிக் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்திருந்தான். எனக்கு முள்ளங்கி ஆகாது. அதோடு கருவாடும் சேர்ந்தால் வாசலிலேயே மூக்கு சொல்லிவிடும். நான் படியில் நின்று, "என்னா மதாம், தெருவுல கக்கூசு டேங்க்கு தொறந்துட்டாங்களா?" என்று கேட்டேன். சேகர் தரையில் புரண்டு சிரித்தான். பூங்காவனத்துக்குப் புரையேறியது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தது மாணிக்கம்தான். சிரித்துக்கொண்டே எனக்காக ஒரு முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றினான். குப்பம்மாள் போன பிறகு நான் முதலில் சிரித்தது அன்றைக்குத்தான். இந்தக் கதையை நான் டீக்கடையில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

அவன் காரியத்துக்கு மூன்று நாள் முன்னால் பூங்காவனம் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். போட்டோவுக்கு முன் படையல் போட வேண்டும். செத்தவருக்குப் பிடித்ததை வைப்பதுதான் எங்கள் வழக்கம். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. ஆனால் முகம் ஒரு மாதிரி பயந்திருந்தது.

"அண்ணே, அவருக்கு என்னா புடிக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். "என்னையா கேக்கற? கட்டிக்கினது நீதான?"

"தெரியலண்ணே. பன்னெண்டு வருஷமா எனக்குப் புடிச்சத ஆக்கிப் போட்டாரு. சேகருக்குப் புடிச்சத ஆக்கிப் போட்டாரு. அவருக்கு என்னான்னு நான் கேக்கவே இல்ல. சேகரும் தெரியலங்கறான். நீங்க கூடவே சுத்துனவரு. நீங்கதான் சொல்லணும். தப்பா வச்சி அனுப்பிட்டா நான் எப்படிண்ணே இருப்பேன்?"

அவள் அப்படிக் கேட்டபோது, 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வஞ்சிரம்" என்றேன். "வறுத்த வஞ்சிரம்னா உசுர உட்டுருவான்." அவள் முகம் தெளிந்தது. சேகரிடம் சொல்லி விடியற்காலையிலேயே வாங்கச் சொல்வதாகச் சொன்னாள்.

நடந்து வீட்டுக்கு வரும்போது யோசித்தேன். மாணிக்கம் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அவன் எப்போதும் நின்றுகொண்டிருப்பான். எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, நான் ஏப்பம் விட்டு எழுந்து போன பிறகுதான் உட்காருவான். வஞ்சிரம் யாருக்கு உயிர் என்றால், எனக்கு.

மறுநாள் ஐந்தரைக்குப் பழக்க தோஷத்தில் கிளம்பிவிட்டேன். காவல் காக்க இரண்டாவது சைக்கிள் இல்லாததால் நானே உள்ளே போனேன். இடிபட்டு, மிதிபட்டு, அவன் வழக்கமாக வாங்குகிற தனத்தின் இடத்தைக் கண்டுபிடித்தேன். தவளக்குப்பம் பக்கத்திலிருந்து காய் கொண்டு வருகிறவள். வெளியே நிற்கிற என்னை அவள் பார்த்திருக்கிறாள்.

"வாங்க சைக்கிள் தாத்தா! எங்க ஒங்க கூட்டாளி? ரெண்டு வாரமா ஆளையே காணோம். ஒடம்பு சரியில்லியா?"

சொன்னேன். அவள் கட்டி வைத்திருந்த கூறுகளைக் கலைத்தாள். மறுபடி கட்டினாள். மறுபடி கலைத்தாள்.

"அவனுக்கு என்னாம்மா புடிக்கும்? உன் கிட்ட எதுனா சொல்லியிருக்கானா?"

"இதக் கேக்கவா வந்தீங்க?" ஓரத்தில் கிடந்த முள்ளங்கிக் கூறைக் காட்டினாள். "சீசன் வந்துட்டா தெனம் இத எடுத்து மோந்து பாப்பாரு. தழையக் கிள்ளிப் பாப்பாரு. வச்சிடுவாரு. சும்மா தர்றேன், எடுத்துக்கினு போங்கன்னு எத்தினியோ தபா சொல்லிட்டேன். வாணாம்மா, எங்கூட ஒருத்தரு சாப்புடுறாரு, அவருக்கு ஆவாது, ஒரு அடுப்புல ஒரு கொழம்புதான் வைக்க முடியும்னு சொல்லிடுவாரு."

"எத்தினி வருஷமா?"

"எனக்குத் தெரிஞ்சி ஏழெட்டு வருஷம் இருக்கும். யாரு தாத்தா அது?"

யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. முள்ளங்கியை எடுத்துக்கொண்டேன். காசு வாங்க மாட்டேன் என்றாள். அவள் கோணிக்கடியில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு முதல் தடவையாக அந்த மார்க்கெட் எனக்குப் பெரியதாகத் தெரிந்தது. வெளியே வரவே முடியவில்லை.

பூங்காவனத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டேங்க் கிண்டலை, தனத்தை, வஞ்சிரத்தை. அவள் முள்ளங்கியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"முள்ளங்கியா? மின்னெல்லாம் வாரத்துல ரெண்டு நாளு வாங்கியாருவாரு. திடீர்னு நின்னுபோச்சு. வெல ஏறிடுச்சின்னு நெனச்சேண்ணே."

"வஞ்சிரம் நான் சும்மா சொன்னதும்மா."

"அது யாருக்குப் புடிக்கும்னு எனக்குத் தெரியாதா? எட்டு வருஷமா நடுத்துண்டு யாரு தட்டுல உழுந்துச்சி?"

படையல் அன்று மாணிக்கத்தின் அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இலையில் பிரியாணி இருந்தது, வஞ்சிரம் இருந்தது, சேகர் வைத்த பிராந்திக் குப்பி இருந்தது. நடுவில் பூங்காவனம் சட்டியோடு குழம்பைக் கொண்டுவந்து வைத்ததும் வீடே மணத்தது. மணத்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

"ஏண்டி, படையல்ல போயி முள்ளங்கிக் கருவாடா? வந்தவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும் அண்ணி" என்றாள் பூங்காவனம். "சிரிக்க வேண்டியவரு எட்டு வருஷத்துக்கு மின்னியே சிரிச்சிட்டாரு."

எல்லோரும் இலையைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

கற்பூரம் அணைந்ததும் அவள் எனக்குத்தான் முதலில் போட்டாள். வஞ்சிரம் போடவில்லை. நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முழுங்கினேன். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கி முழுங்கினேன்.

இப்போது பூங்காவனம் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் ஐந்தரை பஸ்ஸுக்குப் போகிறேன். சைக்கிள் மிதிக்க இனி என்னால் ஆகாது. தனம் எனக்கென்று கூறு எடுத்து வைக்கிறாள். மாணிக்கத்துக்குக் கொடுத்த விலைக்கு எனக்குக் கொடுப்பதில்லை. எனக்குப் பேரம் பேசத் தெரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டு அடுப்பில் சமைக்கிறேன். பூங்காவனமும் சேகரும் இங்கே வந்து சாப்பிடுகிறார்கள். நேற்று உப்பு இல்லை. முந்தாநாள் உப்பு மட்டும்தான் இருந்தது. கை வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது, பன்னிரண்டு வருஷம் எப்படித்தான் நின்றானோ தெரியவில்லை.

அவனுடைய கைப்பக்குவம் எனக்கு வராது. அவனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இரண்டுதான். குழம்பு ஏழேகாலுக்கு இறங்கிவிடும். வாரத்தில் ஒரு நாள் அது முள்ளங்கிக் கருவாட்டுக் குழம்பாக இருக்கும். அன்றைக்குத் தெருவே நாறும். கிண்டல் பண்ண வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் தாராளமாக உள்ளே வந்து சிரித்துவிட்டு, தட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முட்டை மட்டும் ஊற்றித் தர மாட்டேன்.