உப்பு போட்ட சாம்பிள்

போன செவ்வாய்க்கிழமை மரக்காணத்தில் பஸ் ஏறி, நடுவில் எங்கேயும் இறங்காமல் புதுச்சேரி போய்ச் சேர்ந்தேன்!

இதற்கு எதற்கு ஆச்சரியக்குறி என்கிறீர்களா? பல வருடமாக உங்களிடம் ஒரு பொய் சொல்லிவருகிறேன். நடுநடுவே பத்திரிகையில் என்னுடைய இந்தப் பத்தி வராது. 'எழுத்தாளர் வெளியூரில்' என்று ஒரு வரி போடுவார்கள். வெளியூராவது ஒன்றாவது... வீட்டில்தான் இருந்தேன். பாத்ரூமில்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடல் முழுக்கப் புண், ரத்தம், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டம். ஈசிஆரில் எந்த பெட்ரோல் பங்க்கில் டாய்லெட் பூட்டியிருக்கும், எங்கே கேட்டால் சாவி தருவார்கள் — எல்லாம் எனக்கு அத்துப்படி. ஊரை ஒட்டிய உப்பளப் பக்கம்தான் பெரிய பயம். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. ஒதுங்க ஒரு புதர் கிடையாது.

இந்த வருடம் மாத்திரைகளும் கைவிட்டன. பெருங்குடலையே எடுத்துவிடும் ஆபரேஷனைப் பற்றி இந்த மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள் என்றார் புதுச்சேரி டாக்டரம்மா.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு ட்ரை பண்ணலாமா?" என்றார்.

காரம் தின்றதால் வந்தது, கவலைப்பட்டதால் வந்தது என்று ஊரே சொன்னதை நானும் நம்பியிருந்தேன். டாக்டரம்மா சொன்ன கதையே வேறு. இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் இன்னும் யாராலும் கைகாட்ட முடியவில்லையாம். பரம்பரை கொஞ்சம். உடம்பின் காவல்காரர்களே நம் குடலை எதிரி என்று நினைத்து அடிப்பது கொஞ்சம். குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் நல்லவை குறைந்துபோவது கொஞ்சம். எந்தச் சிக்னலால் சண்டை மூளுகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் அடக்கும் மருந்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. இன்னொரு பக்கம், நல்ல உடம்புக்காரர் ஒருவரின் குடல் கிருமிகளை நோயாளியின் குடலில் குடியேற்றிப் பார்க்கிறார்கள்!

எப்படிக் குடியேற்றுவது? ஆமாம்... மலத்தின் வழியாகத்தான். ஆஸ்பத்திரியில், ஏகப்பட்ட டெஸ்டுக்குப் பிறகு. காபியும் கையுமாகப் படிப்பவர்கள் மன்னிக்கவும். வீட்டில் யாரும் முயற்சி செய்துவிடவும் வேண்டாம்.

எனக்கு அருவருப்பே வரவில்லை. அட, இப்படியெல்லாமா யோசிக்கிறார்கள் என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"எல்லாருக்கும் கேக்காதும்மா. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்குது" என்று உட்காரவைத்தார்.

கொடுப்பவர்? என் தம்பி ஆரோக்கியராஜ். உப்பளத்தில் சொந்தமாகப் பாத்தி வைத்திருக்கிறான். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்து, "எப்பக்கா தரணும்?" என்றான்.

முதலில் டெஸ்டுக்கு ஒரு சாம்பிள். லேபில் இருந்த நர்ஸ் டப்பாவைக் கொடுத்து, "கெட்டுப்போகாம சீக்கிரம் கொண்டாந்துடுங்க" என்றார்.

மறுநாள் காலை தம்பி பைக்கில் பறந்தான். நான் வழியில் இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன். நர்ஸ் திறந்த டப்பாவையே வெறித்துக்கொண்டிருந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்னங்க இது?"

"உப்புங்க. கெட்டுப்போகக் கூடாதுன்னீங்களே! கடை உப்பு இல்ல, நம்ம பாத்தில நேத்து வாரினது. ஆறு மாசம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது."

டாக்டரம்மா வந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். "ஐயா, அதுல இருக்குற கிருமிங்க எனக்கு உயிரோட வேணும். நீங்க கருவாடு போட்டுட்டீங்க!"

லேபே சிரித்தது. நான் மட்டும் அழுதுவிட்டேன். எனக்கும் அந்த ஆபரேஷனுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு டப்பாதானே? தம்பிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பக்கத்தில் வந்து நின்றான்.

"அழாதக்கா. நாளைக்குக் காலையிலயும் வரும்ல?"

வந்தது. ஐஸ் பெட்டியில் வந்தது. ரத்தம், அது, இது என்று அத்தனை டெஸ்டிலும் தம்பி பாஸ். மூன்று தடவை ட்யூப் வழியாகச் செலுத்தினார்கள். எனக்கு ரத்தம் நின்று மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரம்! "அவசரப்படாதீங்க, பார்ப்போம்" என்கிறார் டாக்டரம்மா. அவர் பார்க்கட்டும். நான் கொண்டாடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வழக்கமான படிக்கட்டு சீட்டை விட்டுவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். உப்பளம் வந்தது. வெயிலில் குவியல் குவியலாக உப்பு மின்னியது. இத்தனை வருடத்தில் அதை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

அப்போது தம்பியிடமிருந்து போன்.

"அக்கா, இங்க ஒரு கல்யாணத்துல பிரியாணி போடுறாங்க. சாப்பிடவா, வேணாமா?"

"டேய், உன் வயிறுடா. என்னை ஏன் கேக்குற?"

"திரும்பத் தேவைப்பட்டா? இப்ப இது நம்ம ரெண்டு பேரு வயிறுக்கா."

பிரியாணி வாசனைக்கே பயந்து எத்தனை கல்யாணத்திலிருந்து நான் பாதியில் ஓடியிருக்கிறேன்!

"சாப்பிடுடா" என்றேன். "எனக்கும் சேர்த்து."