பெருவிரல் வைத்த தாள்

அதுதான் சொல்கிறேன் பாக்கியம், மூன்றாம் மாடிக்காரி என்னுடைய நேரத்தில் தன்னுடைய திரைச்சீலைகளைத் தோய்க்கப் போட்டுவிட்டாள் என்று நான் சண்டைக்குப் போகவில்லை. அவளே வந்து, முகம் சிவந்து, ஏழெட்டுத் தரம் மன்னிப்புக் கேட்டாள். கீழே வஸ்கெரியில், அந்த உடுப்புத் தோய்க்கிற அறையில், ஒரு பலகை தொங்குகிறதே, எந்த வீட்டுக்கு எந்த நேரம் என்று. அதில் செவ்வாய்க் காலை எனக்கு. எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் மகள் சுமதி என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டிவைத்திருக்கிறாள். நோர்வேக்கு வந்த புதிதில் இதெல்லாம் எனக்குப் பெரிய பகிடி. கதவில் பெயர், தபால் பெட்டியில் பெயர், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கும் பெயர். ஊரில், சண்டிலிப்பாயில், எங்கள் கிணற்றடியில் யார் பெயர் எழுதிவைத்தார்கள் என்று சிரிப்பேன். அந்தக் கொரோனா வருடம் ஊருக்குப் போய்வந்த பிறகு சிரிப்பதில்லை.

நீங்கள் கரவெட்டிக்காரி, உங்களுக்குச் சொன்னால் விளங்கும். அந்த முறை நான் திரும்பி வருகிற எண்ணத்தோடு போகவில்லை. பிறந்த வீட்டிலேயே மிச்சக் காலத்தை இருந்துவிடலாம், தங்கச்சி ஈசு இருக்கிறாள்தானே என்று சுமதியிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். அந்த வீடு அவளுக்குச் சீதனமாக எழுதியது. இருந்தாலும் நான் தவழ்ந்த வீடு. அவளை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். அவள் பள்ளிக்கூடம் போகட்டும் என்று வீட்டில் நின்றதால்தான் எனக்கு எழுத்து வரவில்லை. பிறகு எனக்கு வருகிற கடிதமெல்லாம் அவள்தான் வாசிப்பாள், பதிலும் அவள்தான் எழுதுவாள்.

வெளிநாட்டிலிருந்து போனால் ஒழுங்கையில் ஒரு வீட்டையும் விடக்கூடாது, தெரியும்தானே. ஒரு வீட்டுக்குச் சொக்கிலேட் போகாவிட்டால் பத்து வருடத்துக்குக் கதைப்பார்கள். போய் இறங்கிய அடுத்தநாள் முழுக்க வீடு வீடாகத் திரிந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி, ஒவ்வொரு வீட்டிலும் கன்னத்தைத் தடவிப் பார்த்து, “மெலிஞ்சுபோனாய்” என்றார்கள். எனக்கென்றால் தேர்த்திருவிழா மாதிரி.

மூன்றாம் நாள் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் உடனே பதிய வேண்டுமாம். அதற்குப் பிறகு விமான நிலையம் பூட்டு. பிறகு ஊரடங்கு. என்னைக் கண்டால் படலைகள் சாத்தத் தொடங்கின. முன்வீட்டு நாகம்மா சொக்கிலேட் சுற்றிய தாள்களைக் கிடங்கு வெட்டித் தாட்டாள், நான் வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொருத்தி நான் கொடுத்த சவர்க்காரத்தைத் தடியில் கட்டி வேலிக்கு மேலால் திருப்பித் தந்தாள். பாதி தேய்ந்திருந்தது பாக்கியம்! அந்த நேரமும் எனக்குச் சிரிப்புத்தான்.

ஈசு வீட்டில் அப்போது புகையிலை வெட்டுகிற நேரம். வீட்டுக்குத் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டினால் ஒரு கூலியாளும் உள்ளே வராது, புகையிலை தோட்டத்திலேயே பழுத்துப்போகும். அது எனக்கும் தெரியும். தோட்டத்து மூலையில் இருந்த கொட்டிலைக் கூட்டி மெழுகி, அங்கே படு அக்கா என்றாள். படுத்தேன். அடுத்தநாள் பதிவெடுக்கச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார், புதிதாக மாற்றலாகி வந்த பெடியன், ஊரில் ஒருவரையும் தெரியாது. தூரத்தில் நின்று தாளை நீட்டினார். எனக்கு எழுதத் தெரியாது என்று ஈசுதான் வாங்கி நிரப்பினாள்.

“அக்கா, உதிலை பெருவிரலை வையணை.”

“என்னடி எழுதிக் கிடக்கு?”

“ஒண்டுமில்லை. பேரும் விலாசமும்தான்.”

வைத்தேன். நோட்டீஸ் கொட்டில் கதவில் மட்டும் ஒட்டப்பட்டது. பதினான்கு நாளும் பிட்டும் சோறும் கோப்பையில் வந்தன. தென்னங்குற்றியில் வைத்துவிட்டு மெல்லிய குரலில் “அக்கா” என்று கூப்பிடுவாள், நான் வெளியே வர முதல் போய்விடுவாள். ஒழுங்கைக்காரர் ஒருவரும் என்னைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் சொக்கிலேட் தின்ற வீடுகளுக்கும் நோட்டீஸ் வருமே. ஒரு ஒழுங்கை முழுக்க என்னைக் கண்டதேயில்லை என்று இருந்தது.

கடைசி நாள் அந்தப் பெடியன் வந்து, உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா என்று சொல்லிவிட்டு, பழைய தாளைப் பார்த்தார். நல்ல பிள்ளை. முகத்தில் கவலை தெரிந்தது.

“அம்மா, ஊரிலை சொந்தம் ஒருத்தரும் இல்லையெண்டு இதிலை கிடக்கு. வீட்டுக்காரரும் தெரிஞ்ச ஆக்களாம், கொட்டிலிலை இருக்க இடம் தந்தவையாம். பிளேனும் இல்லை. இனி எங்கை போகப்போறியள்?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. வேறு யாருடையதோ தாளை வாசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு அதன் அடியில் என் பெருவிரல் மையைக் கண்டேன். ஈசு கிணற்றடியில் நின்றாள், கையில் வாளி. அவள் தண்ணீர் அள்ளவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால், பொய் எழுதினாள் என்று அவளைப் பொலிஸுக்குக் கூப்பிட்டிருப்பார்கள்.

“ஓம் தம்பி,” என்றேன். “தெரிஞ்ச ஆக்கள்தான். கொஞ்ச நாள் வைச்சிருப்பினம்.”

வைத்திருந்தார்கள். பிளேன் ஓடும்வரைக்கும் அவளோடு ஒரே பாயில் படுத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், என் மருந்துக் குளிசைகளின் பெயரை வாசித்துத் தந்தாள். அந்தத் தாளைப் பற்றி அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. பயந்துவிட்டேன் அக்கா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன். விசேட பிளேன் போகிறது என்று சுமதி சொன்ன அன்றைக்கே சூட்கேசை எடுத்தேன். ஈசு மறிக்கவில்லை. தன்னுடைய சிவப்பு நூல்சேலையை மடித்து மேலே வைத்தாள்.

இங்கே வந்ததும் பத்து நாள் வீட்டுக்குள்ளே இருக்கச் சொன்னார்கள். எதிர்க்கதவு நோர்வேக் கிழவி இங்கர் படியில் தள்ளி நின்று, “ஸோஸ்தர்?” என்று கேட்டாள். தங்கச்சி எப்படி என்று கேட்டிருக்கிறாள். எனக்கு அவளுடைய பாஷை வரவில்லை, அழுகைதான் வந்தது. அடுத்தநாள் கதவைத் திறந்தால் வாசலில் வெள்ளைப் பூவும் ஒரு மெழுகுதிரியும். ஈசு செத்துப்போனாள் என்று நினைத்துவிட்டாள் பாவம். அந்தப் பூவைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்? வாங்கினேன். மெழுகுதிரியைக் கொளுத்தியும் வைத்தேன் பாக்கியம், உயிரோடு இருக்கிறவளுக்கு. அன்றிரவே அவள் போனில் வந்து, “எப்ப வாறாய் அக்கா, வரேக்கை அந்தக் கச்சான் போட்ட சொக்கிலேட் கொண்டுவா” என்கிறாள். பாப்பம் என்றேன். இன்றுவரைக்கும் பாப்பம்தான்.

இங்கர் இப்போதும் என்னைக் கண்டால் நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சாய்ப்பாள். நானும் சாய்ப்பேன்.

இருங்கள், மெசின் கூப்பிடுகிறது. என் நேரம் முடியப்போகிறது. ஈசு தந்த அந்தச் சேலையை இன்றைக்கு இன்னும் தோய்க்கவில்லை. எத்தனை தரம் தோய்த்தும் சாயம் விடுகிறது, இங்கத்தை உடுப்பு ஒன்றோடும் சேர்த்துப் போட ஏலாது. தனியே கையால் அலசிவிட்டு வருகிறேன்.